பார்வையின் உயரம்

கோலசிலாங்கூர்க் கரைக்கு அப்பால் மலாக்கா நீரிணையில் ஒரு மணல்திட்டு இருக்கிறது. மாதத்தில் பெரும்பாலான நாட்கள் கடலுக்கு அடியில் கிடக்கும் அது, அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில தினங்களில், நீர் மிகத் தாழ்ந்து வற்றுகின்ற சில மணி நேரம் மட்டும் வெளியே தெரிகிறது. ஸ்கை மிரர் என்று அதற்குப் பெயர் வழங்கலாயிற்று; கோலாலம்பூரிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வருகிற ஜனங்களைப் படகுக்காரர்கள் அங்கே ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுகிறார்கள். இறங்கி நிற்பவர் தம் காலடியைக் குனிந்து பார்த்தால் தெரிவது சாம்பல் நிற மணல், அதன் மேல் விரற்கடை ஆழத்துக்குத் தேங்கிய நீர், அந்நீரில் சிப்பிகளும் சிறு நத்தைகளும். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று முகம் வாடுபவரும் உண்டு. ஆனால் கூட வந்த படகுக்காரர் முழங்காலிட்டு, கைபேசியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் கண் நீர்ப்பரப்பைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி தாழ்த்தி எடுக்கிற படத்தில் மணலையும் காணோம், நத்தையையும் காணோம். மேலே ஆகாயம், கீழே அதே ஆகாயம், இரண்டுக்கும் நடுவே சிவப்பும் மஞ்சளுமாக உடுத்திய மனிதர்கள் தத்தம் பிரதிபிம்பத்தின் பாதத்தோடு பாதம் பொருந்தி நிற்கிறார்கள்.

இதற்குரிய காரணத்தைப் பௌதிக சாஸ்திரம் தெளிவாகவே சொல்கிறது. நீரின் மீது செங்குத்தாக விழுகின்ற ஒளியில் நூற்றுக்கு இரண்டு பங்கே திரும்பி வருகிறது. எஞ்சியது உள்ளே புகுந்து அடியில் உள்ளதை நமக்குக் காட்டுகிறது. பார்வை சாயச் சாயத் திரும்பும் ஒளியின் பங்கு பெருகி, பரப்புக்கு ஐந்து பாகை உயரத்திலிருந்து நோக்குங்கால் பாதிக்கு மேலாகி, பரப்போடு பரப்பாகக் கண் படியும்போது ஏறக்குறைய முழுமையும் ஆகிவிடுகிறது. நின்றுகொண்டு தன் காலடியைப் பார்ப்பவனுக்கு மணலையும், முழங்காலிட்டுத் தாழ்ந்து பார்ப்பவனுக்கு வானத்தையும் ஒரே நீர், ஒரே கணத்தில், ஒரே இடத்தில் காட்டுகிறது. நீரிலோ ஒரு துளி மாற்றமும் இல்லை.

எனவே, படம் பொய் சொல்கிறது என்று சொல்லி இதைத் தள்ளிவிடுவது எளிதாயினும் சரியன்று. மணலும் அங்கே இருக்கிறது. ஆகாயமும் அங்கே படிந்திருக்கிறது. நின்று பார்த்தவன் கண்டதே உண்மை, தாழ்ந்து பார்த்தவன் கண்டது ஜாலம் என்று நாம் தீர்ப்புக் கூறினால், நம்முடைய உயரத்தை, அதாவது ஐந்தடிச் சொச்சம் உள்ள ஒரு பிராணியின் கண்மட்டத்தை, சத்தியத்தின் அளவுகோலாக வைத்துவிட்டோம் என்றே பொருள்.

அந்தத் திட்டை வெளிப்படுத்துகிற அமாவாசையைத் தொடர்ந்து வரும் மாலையில், அதே கரையில், புக்கிட் மெலாவாத்தி குன்றின் மேல் வேறொரு கூட்டம் கூடுவதுண்டு. 1784 இல் டச்சுக்காரர் கைப்பற்றிய கோட்டையும், 1907 இல் எழுந்த கலங்கரை விளக்கமும், சிலாங்கூரின் ஆதி சுல்தான்களின் அடக்கத்தலமும் உள்ள அந்தக் குன்று, நோன்பு மாதத்தையும் பெருநாளையும் நிர்ணயிக்கிற பிறையைப் பார்ப்பதற்கு அரசாங்கம் குறித்திருக்கும் இடங்களில் ஒன்று. மலேசியாவும் அண்டை நாடுகளும் இப்போது ஏற்றிருக்கும் அளவுப்படி, சந்திரன் தொடுவானத்துக்கு மேல் குறைந்தது 3 பாகை உயர்ந்தும் சூரியனிலிருந்து 6.4 பாகை விலகியும் இருத்தல் வேண்டும். சந்திரன் எப்போதும் ஆகாயத்தில் இருப்பதுதான். ஆயினும் கோடிக்கணக்கான மக்கள் நாளை உண்பதா நோன்பிருப்பதா என்பது, அது இருக்கிறதா என்பதைப் பொறுத்ததன்று, இந்த மண்ணில் நிற்கும் மனிதனுடைய கண்ணுக்கு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. காண்பவன் நிற்கும் இடத்தையும் தன் விதிக்குள் சேர்த்துக்கொண்டதில் இஸ்லாமிய சமயம் எவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டிருக்கிறது என்று நான் வியப்பதுண்டு. மனிதன் எங்கோ ஓரிடத்தில் நின்றுதான் பார்க்கிறான். எங்கும் நில்லாத பார்வை என்று அவனுக்கு ஒன்று இல்லை.

நம்முடைய தத்துவ நூலாரும் இந்தப் பிரச்சினையில் நெடுங்காலம் ஆழ்ந்தவர்கள். ஒவ்வொரு நோக்கும் உண்மையின் ஒரு பகுதியையே தொடுகிறது என்று சமணர்கள் அநேகாந்தம் பேசினார்கள். அத்வைதிகளில் விவரண மரபினர், ஜீவன் என்பது பிரம்மத்தின் பிரதிபிம்பமே என்று கொண்டு, பிம்பத்துக்கும் பிரதிபிம்பத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்தார்கள். ஆனால் அந்த மணல்திட்டின் நீரை நினைக்குந்தோறும் எனக்கு முந்திக்கொண்டு வருவது சைவ சித்தாந்தம்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் நிறுவிய கொள்கையில், ஆன்மா சத்தும் அன்று, அசத்தும் அன்று, சதசத்து. தனக்கென ஒரு நிறத்தைக் காட்டாமல், எதைச் சார்ந்து நிற்கிறதோ அதன் வண்ணமாய் விளங்குவது அதன் இயல்பு. இதற்குச் சித்தாந்திகள் படிகத்தை உவமையாகச் சொல்வார்கள். கோலசிலாங்கூரில் பிறந்த ஒரு சித்தாந்தி அந்த விரற்கடை நீரைக் காட்டினால் போதும். மண்ணோடு சேர்த்துப் பார்க்கையில் அது மண். விண்ணோடு சேர்த்துப் பார்க்கையில் அது விண். இவற்றுள் எதைக் காண்பது என்பது காண்பவன் குனிந்தானா, குனியவில்லையா என்பதில் அடங்கியிருக்கிறது.

இங்கே ஒரு வடிவ கணித உண்மையைக் கூற வேண்டும். படமெடுப்போர் பலர் கையால் அறிந்தும் வாயால் சொல்லாத ஒன்று அது. சமதரையில் காமிரா எந்த உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்தில்தான் தொடுவானக் கோடு, படத்தில் உள்ள ஒவ்வோர் உருவத்தையும் வெட்டிச் செல்லும். தஞ்சோங் காராங், சிகிஞ்சான் வயல்வெளி போன்ற தட்டையான பூமியில் இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். கண்மட்டத்தில் எடுத்தால், அருகில் நிற்பவர், தொலைவில் நிற்பவர் அனைவருடைய கண்களும் தொடுவானத்தின் மேல் ஒரே வரிசையில் அமைகின்றன. முழங்கால் உயரத்தில் எடுத்தால், மனிதன் தொடுவானத்தைத் தாண்டி எழுந்து வானத்தைப் பின்புலமாகக் கொள்கிறான். மேட்டிலிருந்து எடுத்தாலோ அவன் முழுவதும் தொடுவானத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறான்; அவனுக்குப் பின்னால் இருப்பது வெறும் தரைதான். ஒரு மனிதனுக்குப் பின்னே வானம் இருக்க வேண்டுமா, மண் இருக்க வேண்டுமா என்பதை அவன் தீர்மானிப்பதில்லை. அவனைப் பார்க்கிறவன் தீர்மானிக்கிறான்.

வட சிலாங்கூர்த் தோட்டங்களில் தொழிலாளர்களாயிருந்த நம்மவர்கள் பெரும்பாலும் மேட்டிலிருந்தே பார்க்கப்பட்டார்கள். புக்கிட் ரோத்தான், ஈஜோக், ரந்தாவ் பாஞ்சாங், இப்போது பெஸ்தாரி ஜெயா என வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தை என்று எந்த வட்டாரத்தை எடுத்துக்கொண்டாலும், தோட்ட நிர்வாகியான தொரையின் பங்களா மேட்டின் மேலும் தொழிலாளர் லயங்கள் பள்ளத்திலுமாக அமைந்திருந்தன என்பது முதியவர்கள் சொல்லக் கேட்பதுதான். பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் 1917 இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரிட்டவர் ஆன்றி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். அவரே பிற்பாடு மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930 இல் கோன்கூர் பரிசு பெற்றார். இந்த மண்ணின் வாழ்க்கை உலக இலக்கியத்துக்குள் புகுந்த முதல் வாசல்களில் ஒன்று அவ்வாறு ஒரு தோட்ட முதலாளியின் பார்வையாக இருந்தது. பழைய கம்பெனி ஆல்பங்களில் காணும் தோட்டப் படங்களும் அப்படியே: உயரத்திலிருந்து நோக்கினால் நிரை நிரையாக மரங்கள், மரங்களுக்கு நடுவே புள்ளி புள்ளியாக ஆட்கள், குழுப்படமென்றால் நடுவில் நாற்காலியில் தொரை, இருமருங்கும் கிராணியும் கங்காணியும், பின்னே ஆட்கள், தரையில் சப்பணமிட்ட பிள்ளைகள். அந்தப் படங்களை எடுத்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எத்தனை ஏக்கர், எத்தனை மரம், எத்தனை பேர் என்று ஒரே பார்வையில் அளந்துவிட உயரம் பயன்படுகிறது. அளப்பதற்கென்று ஏறியவன் அளவையே கண்டான். உயரத்தின் சுபாவம் அது.

ஆனால் அதனால் காணாமற்போனது எது என்பதை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். விடியலுக்கு முன்பே பெரட்டு என்னும் ஆள்கணக்கு முடிந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் போன ஒரு பெண், ரப்பர் மரத்தின் முன் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முந்தின வெட்டில் உறைந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்தெடுத்துப் பையில் போடுகிறாள். பால் சேரும் மங்கு என்னும் கிண்ணத்தைத் துடைத்துக் கவிழ்த்து நிமிர்த்துகிறாள். பிறகு கத்தியை இடப்புறம் உயரத்தில் வைத்து, வலப்புறம் தாழ, சுமார் முப்பது பாகைச் சரிவில், நூலிழை கனமுள்ள பட்டையைச் சீவிக்கொண்டே மரத்தைச் சுற்றி அடியெடுத்து வைக்கிறாள். மரப்பட்டைக்குள் பால் ஓடும் நாளங்கள் நேராக நிற்பதில்லை. சிறிது சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாகத் தாழ்கின்ற வெட்டு அவற்றுள் அதிகமானவற்றைத் திறக்கும்; எதிர்ப்புறம் சாய்த்தால் பால் குறையும். ஆழம் கூடினால் மரம் காயப்படும், குறைந்தால் பால் வராது. கோணம் என்பது என்னவென்று அந்தப் பெண்ணுக்கு யாரும் புத்தகத்தில் கற்பிக்கவில்லை. அவளுடைய மணிக்கட்டுக்கு அது தெரியும். பட்டை வெட்டு வருஷந்தோறும் கீழிறங்க, அவளும் கூடவே குனிகிறாள். மேட்டிலிருந்து எடுத்த படத்தில் அவள் ஒரு வளைந்த முதுகும் ஒரு தலைத்துணியும் மட்டுமே. மங்கு இருக்கும் உயரத்துக்குக் காமிரா இறங்கினால், நெற்றி விளக்கின் வெளிச்சம் பட்டையில் பட்டுத் திரும்பி விழும் ஒரு முகம் தெரியும். கத்தியின் நுனியிலிருந்து இம்மியும் விலகாத இரண்டு கண்கள் தெரியும். உழைப்பு இரண்டு படங்களிலும் இருக்கிறது. அறிவு இரண்டாவதில் மட்டுமே தென்படுகிறது.

அப்படியானால் தாழ்ந்து பார்ப்பதே மெய், உயர்ந்து பார்ப்பது பிழை என்று முடிவு கட்டிவிடலாமா? சமயம் அப்படித்தான் சொல்வதுபோல் முதலில் தோன்றும். தெய்வத்தைப் பாடும்போது பாதாதிகேசமாகத் திருவடியில் தொடங்கித் திருமுடிக்கு ஏறுவது நம் மரபு. கோபுரம் நிலைக்கு நிலை சிறுத்துக்கொண்டே போய், அடியில் நிற்பவன் கண்ணுக்குத் தன் அளவைக் காட்டிலும் நெடிதாய் எழுகிறது. படக்கலையிலும் இத்தாழ்வு இருந்தது: 1929 இல் வெளிவந்த ரோலிஃப்ளெக்ஸ் காமிராவும் அதன் வகைக் கருவிகளும் வழக்கிலிருந்த காலத்தில், படமெடுப்பவர் பெட்டியை மார்புக்கோ இடுப்புக்கோ நேரே பிடித்து, மேற்புறக் கண்ணாடியில் விழும் உருவத்தைத் தலைகுனிந்துதான் பார்த்தாக வேண்டும். தோட்டத்துத் திருமணங்களில் எடுத்த பழைய படங்களில் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் அவ்வளவு கம்பீரமாக நிற்பதற்குப் படக்காரர் தலைகுனிந்து நின்றதும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் இதே தாழ்ந்த கோணத்தை வைத்துக்கொண்டு எத்தகைய அதர்மத்தையும் செய்யலாம் என்பதற்கும் சரித்திரத்தில் சாட்சி இருக்கிறது. 1934 இல் நியூரம்பர்க்கில் நடந்த நாஜிக் கட்சி மாநாட்டை லெனி ரீஃபென்ஸ்டால் படமாக்கியபோது, ஹிட்லரைக் கீழிருந்து நோக்கி வானத்தின் முன் நிறுத்திய காட்சிகள் எத்தனையோ கண்களை மயக்கின. அண்ணாந்து பார்க்கப்பட்டதெல்லாம் தெய்வமாகிவிடாது. பத்துமலையில் 2006 இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலையை அடிவாரத்தில் நின்று அண்ணாந்து படமெடுக்காதவர் இல்லை. அதன் வனப்பில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆயினும் காவடி சுமந்து 272 படிகளை ஏறுகிறவன் அந்தச் சிலையைத் தன் முதுகுக்குப் பின்னே விட்டுவிட்டுத்தான் மேலே செல்கிறான். அவன் நாடிப்போவது குகைக்குள் இருக்கும் வேலாயுதத்தை. அண்ணாந்து பார்க்கும் கோணம் பிரமிப்பைத் தருகிறது. பிரமிப்பு பக்திக்கு வாசலாகலாம்; அதுவே பக்தி ஆகிவிடாது.

உயரவும் தாழவும் போய் உண்மையை அளந்துவிட முடியாது என்பதை நம் சிற்பிகள் கல்லிலேயே காட்டியிருக்கிறார்கள். சிவாலயத்தில் வலம் வரும்போது, கருவறையின் பின்புறச் சுவர்க் கோஷ்டத்தில் லிங்கோத்பவர் நிற்கிறார். அன்னமாகி மேலே பறந்த பிரமனும், பன்றியாகிக் கீழே அகழ்ந்த திருமாலும் முடியும் அடியும் காணாமல் திரும்பிய கதை அது. திருமுடியும் திருவடியும் தூணுக்குள்ளேயே மறைந்திருக்க, நடுப்பகுதியை மட்டும் சிற்பி திறந்து காட்டுகிறான். அந்த மூர்த்தியை எந்தக் கோணத்தில் படம்பிடித்தாலும் முழு உருவம் அகப்படாது. வலம் வருதல் என்னும் வழக்கம் இதற்கு விடையாக அமைந்தது என்று எண்ணுகிறேன்: ஓரிடத்தில் நின்று முழுவதையும் கண்டுவிட்டேன் என்னும் அகந்தையை விட்டு, நடந்துகொண்டே காண்பது. தீபாராதனையும் அப்படிப்பட்டதே. இருண்ட கருவறையில் கற்பூரத்தட்டு திருவடியருகே தொடங்கி, மெல்ல ஏறி, வலமாகச் சுழலும்போது, நிழல்கள் இடம் மாறி மாறி, மூக்குத்தி ஒரு கணம், விழி ஒரு கணம், இதழோரம் ஒரு கணம் என்று அம்மன் முகம் புதிது புதிதாகத் தோன்றுகிறது. அசையாத விக்கிரகத்தை, அசையாமல் நிற்கும் பக்தன், அசைகின்ற ஒளியின் தயவால் பல கோணங்களில் காண்கிறான். மின்விளக்கைப் பளிச்சென்று போட்டு எடுத்த ஒரே படத்தில் இது வராது. கருவறைக்குள் காமிரா வேண்டாமென்று பெரியவர்கள் தடுப்பதற்கு ஆகம விதி ஒரு காரணமென்றால், எனக்கு இது மற்றொரு காரணம்.

தோட்டத்து முனீஸ்வரர் சந்நிதியில் இந்தப் பிரச்சினையே வேறு விதமாகிறது. மரத்தடியில் ஒரு கல், மஞ்சளும் குங்குமமும், முன்னால் ஊன்றிய சூலம். முகமே இல்லாத மூர்த்திக்கு முன்புறம் எது, பக்கவாட்டு எது? காலையில் வேலைக்குப் போகிறவன் நின்றபடி கும்பிட்டுவிட்டுப் போவான். கிழவி அருகில் குந்தி உட்கார்ந்து வீட்டுக் கவலையெல்லாம் பேசுவாள். அவளுக்கும் கல்லுக்கும் உயரம் ஒன்றாகவே இருக்கும். இப்போது ட்ரோன் கொண்டு மேலிருந்து படமெடுக்கிறார்கள். ஒரே பச்சையாக விரிந்த செம்பனைக் கடலுக்குள் ஒரு சிறு கூரை வர்ணம் பூசிக்கொண்டு நிற்பது அதில் தெரிகிறது. லயங்கள் இடிக்கப்பட்டு ஜனங்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போன பிறகும் கோயில் எவ்வளவு தனியாக நிற்கிறது என்பதை அந்தப் படம் காட்டுவதுபோல் வேறெதுவும் காட்டாது. கிழவி பேசியதை மட்டும் அவ்வளவு உயரத்திலிருந்து கேட்க முடியாது.

போனவர்கள் தோட்டத்து அம்மன் கோயிலின் வருஷத் திருவிழாவுக்குத் திரும்பி வருகிறார்கள். ரதம் புறப்பட்டு, முன்பு லயங்கள் இருந்த வழியே போகும். நடக்க முடியாத முதியவர்களுக்கு நாற்காலி போட்டிருக்கும். பிள்ளைகள் தகப்பன் தோளில் இருப்பார்கள். ஒவ்வொருவரும் தத்தம் உயரத்திலிருந்து அம்மனைப் பார்ப்பார்கள். படமெடுப்பவர்கள் எல்லோரும் ரதத்துக்கு முன்னால் பின்வாக்கில் நடந்துகொண்டு அம்மனை நோக்கியே காமிராவைப் பிடிக்கிறார்கள். நான் காண விரும்பும் படம் வேறு. தரிசனம் என்பது நாம் தெய்வத்தைக் காண்பது மட்டுமன்று, தெய்வம் நம்மைக் காண்பதும் ஆகும் என்று நாம் மெய்யாகவே நம்புவதானால், அம்மனின் தோளருகே காமிராவை வைத்து, அவள் பார்க்கும் திசையில், அவள் பார்க்கும் உயரத்திலிருந்து ஒரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும். அதுவும் மேலிருந்து கீழ்நோக்கும் கோணம்தான். பங்களா மேட்டிலிருந்து எடுத்த படத்தின் கோணமும் அதுதான். மனிதர்களுக்குப் பின்னே இரண்டிலும் தரைதான் இருக்கும். ஆனால் அந்தப் பழைய படத்தில் முதுகுகள் இருந்தன. இதில் முகங்கள் இருக்கும், எல்லாம் நிமிர்ந்தவை. தம்மை எண்ணிக்கொண்டிருந்தவனை நோக்கி நம் ஜனங்கள் நிமிரவில்லை. தம்மைப் பெயர் சொல்லி அறிவாள் என்று நம்புகிறவளை நோக்கி நிமிர்கிறார்கள். கோணத்தைப் பாகை கணக்கிட்டு ஒன்றாக்கிவிடலாம். இந்த வேறுபாட்டைக் காமிராவால் உண்டாக்க முடியாது, பதிவு செய்ய மட்டுமே முடியும். ரதத்தின் மேல் அமர்ந்து அர்ச்சனைத் தட்டுகளைக் குனிந்து வாங்குகிற பூசாரி வருஷந்தோறும் அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டே வருகிறார். அடுத்த திருவிழாவில் இளைஞர் யாரேனும் அவரிடம் ஒரு கைபேசியைக் கொடுத்து வைக்கலாம்.